அரைப்பதற்கு முன் பிரித்தல்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எருக்குழியைப் பற்றியோ, கிணற்றுப் பாசனத்தைப் பற்றியோ பேசும்படி பணித்திருந்தால் நமக்கும் எளிதாக இருந்திருக்கும். உங்களுக்கும் பழகிய விஷயமாக இருந்திருக்கும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே புதுமையானது. ஆயினும் இதை நாமாகத் தேடிப் பிடிக்கவில்லை. செல்லும் இடங்களில் எல்லாம் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நம்மைக் கேட்ட கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். “எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிச் சாமான் செய்யும் யந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதில் கெட்டுப்போன துண்டுகள் கோணியில் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றை அரைத்து மீண்டும் இழையாக்கலாம் என்று சொல்லி, அரைக்கும் யந்திரம் விற்க ஒருவர் வந்து போனார். மன்றத்தில் தீர்மானம் போட்டு வாங்கிவிடலாமா?” என்பதே அக்கேள்வி.

வாங்கலாமா, வேண்டாமா என்பதற்கு விடை சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஆனால் விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நாளை வேறொருவர் வேறு யந்திரத்துடன் வந்து நிற்பார். ஆகவே, அந்தத் துண்டுகள் எவை, அவை எப்படி இழையாகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

அந்த யந்திரத்தின் பெயர் முப்பரிமாண அச்சு யந்திரம். பெயர் பெரிதே தவிர, வேலை நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரிந்ததுதான். இடியாப்ப உழக்கில் மாவை இட்டு அழுத்தினால் கீழே இழையாக இறங்குகிறதல்லவா? அதுபோல, ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் இழை ஒரு சூடான குழாய்க்குள் செல்கிறது, உருகி, 0.4 மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியே வெளிவருகிறது. துளை இங்குமங்கும் நகர்ந்து, ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்காகப் படிய வைக்கிறது. ஓர் அடுக்கின் கனம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். உள்ளங்கை அளவுள்ள ஒரு பொருளைச் செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகிவிடும்.

இம்முறைக்கு அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்பவர் 1989 ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்ற பேராசிரியர், எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி இதன் வரைபடங்களை இலவசமாக வெளியிடும் முயற்சியை 2005 இல் தொடங்கினார். 2009 இல் காப்புரிமைக் காலம் முடிந்த பின் யந்திரத்தின் விலை மளமளவென்று இறங்கிற்று. இந்திய அரசின் நிதி ஆயோக் 2016 முதல் பள்ளிகளில் அமைத்து வரும் அடல் ஆய்வுக்கூடங்களில் இந்த யந்திரமும் ஒன்று. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் 20 இலட்ச ரூபாய் உதவி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அதில் கை பழகுகிறார்கள். இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கூடங்கள் பதினாயிரத்துக்கும் மேல். நம் கிராமப்புறப் பள்ளிகள் சிலவற்றுக்கும் அவை வந்து சேர்ந்தன என்பது மகிழ்ச்சிக்குரியது.

பிள்ளைகள் கை பழகும் இடத்தில் பொருள் வீணாவது இயற்கை. முதல் அடுக்கு தட்டில் சரியாக ஒட்டாமற் போனால், மேலே வரும் இழையெல்லாம் பிடிமானமின்றிச் சுருண்டு, இடியாப்பத்தைக் கொட்டியது போல் குவிந்துவிடும். அச்சு நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் அதுவரை செய்தது பாழ். பொருளின் தொங்கும் பகுதியைத் தாங்குவதற்காக யந்திரமே முட்டுக்கொடுத்துக் கட்டும் சட்டங்களும், வேலை முடிந்தபின் ஒடித்து எறியப்படுகின்றன. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோணி.

அந்தக் கோணியை என்ன செய்கிறோம்? உண்மையைச் சொல்லிவிடுவோம். பல இடங்களில் ஊர்க்கோடியில் கொட்டிக் கொளுத்துகிறோம். சில இடங்களில், “இது மக்கிப் போகும் பிளாஸ்டிக், சோளத்திலிருந்து செய்தது” என்று யாரோ சொன்னதை நம்பி எருக்குழியில் போடுகிறோம். இந்த இரண்டாவது விஷயம் உழவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆகவே இதைச் சற்று விரித்துக் கூறுவது நம் கடமை.

பள்ளிகளில் மிகுதியாகப் பயன்படும் இழை பி.எல்.ஏ. எனப்படும். அது தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படுவது என்பது மெய். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள பிளேர் என்னும் ஊரில் மக்காச்சோளத்திலிருந்து இதைப் பெருவாரியாகச் செய்யும் ஆலை 2002 இல் தொடங்கிற்று. தாய்லாந்தில் ராயோங் என்னுமிடத்தில் கரும்புச் சர்க்கரையிலிருந்து செய்யும் ஆலை 2018 இல் தொடங்கிற்று. அதன் ஆண்டுத் திறன் 75,000 டன். உழவன் விளைத்த பொருள் பிளாஸ்டிக்காகி வருகிறது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் சோளத்திலிருந்து வந்ததெல்லாம் சோளத்தட்டையைப் போல் மக்கும் என்று எண்ணுவது பிழை. பி.எல்.ஏ. மக்க வேண்டுமானால் ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் இடைவிடாமல் இருக்கவேண்டும். பெரிய உர ஆலைகளில் அப்படி வைத்திருக்க முடியும். நம் எருக்குழி சில நாள் நன்றாகச் சூடேறும்; பிறகு தணிந்துவிடும். அதில் இட்ட துண்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எருவோடு வயலுக்குப் போகும். ஏர்முனையில் பட்டு உடைந்து சிறுசிறு துணுக்காகும். நம் நிலத்தில் ஏற்கெனவே பால் பையும் உர மூட்டை நாரும் போதாவா?

ஆகவே, எரிப்பதும் இல்லை, எருக்குழியும் இல்லை. மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவதே வழி. பி.எல்.ஏ. மீண்டும் மீண்டும் உருகும் தன்மையுடையது. ஆதலால் அது முடியும். எப்படி முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துண்டாக்கி, உலர்த்தி, உருக்கி, இழையாக இழுத்துச் சுருட்டுவது: இவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு எளிது. அமெரிக்காவில் ஹியூ லைமன் என்ற ஓய்வுபெற்ற முதியவர், 2013 ஆம் ஆண்டு ஒரு போட்டிக்காகத் தம் வீட்டிலேயே இழை செய்யும் யந்திரம் ஒன்றை அமைத்தார். 250 டாலருக்குள் உதிரிப்பாகங்கள் அடங்கவேண்டும் என்பது நிபந்தனை. 40,000 டாலர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 83. அதே ஆண்டில் ஹாலந்து நாட்டில் டேவ் ஹாக்கென்ஸ் என்ற இளைஞர், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கவும் உருக்கவும் சிறிய யந்திரங்களைச் செய்து, அவற்றின் வரைபடங்களை உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் எவரும் அவற்றைப் பார்த்துச் செய்யலாம். நம் நாட்டில் புனே நகரில், கழிவு பொறுக்கும் தொழிலாளரின் கூட்டுறவைச் சேர்ந்தவர்களைக் கொண்டு, எண்ணெய் டப்பா, ஷாம்பு குப்பி முதலியவற்றைத் துண்டாக்கி இழை செய்யும் முயற்சி நடந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக் ஆறும்போது மிகவும் சுருங்கும். அச்சில் ஓரங்கள் வளைந்து மேலெழும்பும். ஆகவே அது கடினமான பாதை. நம் பள்ளிக்கூடத்துத் துண்டுகளோ ஏற்கெனவே இழையாக இருந்தவை. நமக்குப் பாதை எளிது. ஆனால் ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

அந்த நிபந்தனையை விளக்க, நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் ஆசிரியரும் பிள்ளைகளும் ஊக்கத்தோடு துண்டுகளைச் சேர்த்தார்கள். மூன்று கோணி நிறைந்தது. அவ்வளவையும் ஒரே நாளில் அரைத்தார்கள். அழகான துணுக்குகள், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக, கண்ணுக்கு விருந்தாக இருந்தன. உருக்கியபோது அடுத்தடுத்துக் குழாய் அடைத்தது. அடைப்பை நீக்கி மீண்டும் உருக்கினால் மீண்டும் அடைப்பு. கடைசியில் ஆராய்ந்ததில், கோணியில் தண்ணீர்ப் பாட்டில் மூடிகளும், பாட்டில் துண்டுகளும், வேறுவகை இழையில் செய்த பொருள்களும், எவரோ நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து போட்ட பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் கலந்திருந்தது தெரியவந்தது. அரைத்தபின் பிரிப்பதற்கு வழியில்லை. நெல்லோடு கலந்த கல்லைப் பொறுக்கலாம். மாவோடு கலந்த கல்லை என் செய்வது? மூன்று கோணியும் வீண்.

இதில் நடந்தது என்ன? பி.எல்.ஏ. உருகி ஓட 200 டிகிரி அளவு வெப்பம் போதும். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே, பி.எல்.ஏ. குழம்பாக ஓடும்போது பாட்டில் துணுக்கு கல்லாகவே கிடக்கும். 0.4 மில்லிமீட்டர் துளையை அடைக்க அப்படி ஒரு துணுக்குப் போதும். பி.வி.சி. குழாயின் கதை இதைவிடக் கொடியது. அதைச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிப்படும். மூச்சுக்குழல் எரியும், யந்திரத்தின் இரும்பு அரிக்கப்படும். உடைந்த பாசனக் குழாய் இல்லாத பண்ணை நம் நாட்டில் கிடையாது. “இதையும் சேர்த்து அரையுங்கள்” என்று அன்போடு கொண்டுவருபவர் ஊருக்கு நால்வர் இருப்பார்கள். அவர்களைத் தடுக்கவேண்டியது மன்ற உறுப்பினர்களின் வேலை. குழாய்த் துண்டை வாங்குவதற்குப் பழைய சாமான் வியாபாரிகள் இருக்கிறார்கள். அது அவர்கள் வழியே போகட்டும்.

எனவே, அரைப்பது பெரிதன்று. அரைப்பதற்கு முன் பிரிப்பதே பெரிது. பிரிப்பது எங்கே நடக்கவேண்டும்? குப்பைக் கொட்டகையில் அன்று. அச்சு யந்திரத்தின் பக்கத்திலேயே நடக்கவேண்டும். இழைச் சுருளின் மேல் என்ன வகை என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து அந்தக் கணமே உரிய பெட்டியில் போடுவதற்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாதம் கழித்து அதே துண்டைப் பார்த்து இன்ன வகை என்று சொல்ல, படித்த எஞ்சினியராலும் முடியாது. பி.எல்.ஏ. ஒரு பெட்டி, ஏ.பி.எஸ். ஒரு பெட்டி, பி.இ.டி.ஜி. ஒரு பெட்டி, தெரியாதது ஒரு பெட்டி. “தெரியாதது” என்ற பெட்டி இல்லாவிட்டால் தெரியாததெல்லாம் முதல் பெட்டியில் விழும். அனுபவத்தில் கண்டது இது. முடிந்தால் கறுப்பைத் தனியாக வையுங்கள். எல்லா நிறமும் கலந்தால் சேற்று நிறம் வரும். அதனால் பலத்துக்குக் குறைவில்லை, பார்வைக்குத்தான் குறைவு.

இவ்வளவு செய்தும் சந்தேகம் வருமானால், உழவர்களுக்குத் தெரிந்த ஒரு சோதனை இருக்கிறது. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க என்ன செய்கிறோம்? தண்ணீரில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்ததும் நெல்லைக் கொட்டுகிறோம். பதர் மிதக்கிறது, திரண்ட மணி மூழ்குகிறது. பிளாஸ்டிக்குக்கும் அதே நீர் பயன்படும். வெறும் தண்ணீரில் பாட்டில் மூடி, எண்ணெய் டப்பா ஆகியவற்றின் பிளாஸ்டிக் மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். முட்டை மிதக்கும் உப்பு நீரில் ஏ.பி.எஸ்.ஸும் மிதக்கும். பி.எல்.ஏ. இரண்டிலும் மூழ்கும், ஏனெனில் அது தண்ணீரைப்போல் 1.24 மடங்கு எடையுள்ளது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. அச்சிட்ட பொருளின் உட்புறம் தேன்கூடு போல் காற்றறைகளாக இருக்கும். அதை அப்படியே போட்டால் எந்த வகையாயினும் மிதக்கத்தான் செய்யும். உள்ளறை இல்லாத ஒரு சிம்பை ஒடித்து, விரலால் நீருக்குள் அழுத்திக் குமிழைப் போக்கிவிட்டுப் பார்க்கவேண்டும். மற்றொன்று, பி.இ.டி.ஜி.யும் பி.வி.சி.யும் பி.எல்.ஏ.வைப் போலவே மூழ்கும். இந்த நீர் அவற்றைக் காட்டிக் கொடுக்காது. ஆகவேதான் பெட்டிகள் முதன்மை, முட்டை அதற்கு அடுத்ததே என்கிறோம்.

பிசின் குழம்பை ஒளியால் இறுகச் செய்யும் வேறுவகை அச்சு யந்திரமும் உண்டு. அதில் செய்த பொருள் மீண்டும் உருகாது. அதை எந்தப் பெட்டியிலும் சேர்க்கக்கூடாது.

இனி அரைக்கும் யந்திரத்துக்கு வருவோம். துண்டாக்கும் யந்திரம் என்று சொல்வது பொருத்தம். ஏனெனில் இது மாவு அரைப்பதன்று. மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் யந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் தம்பி என்று இதைச் சொல்லலாம். ஓர் இரும்பு அச்சில் கொக்கி போன்ற வெட்டுத் தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அவை அசையாத தகடுகளின் இடையே புகுந்து சுழலும். இடையில் அகப்பட்டது நறுங்கும். அடியில் சல்லடை, துளைக்கு அடங்கும் துணுக்கு மட்டும் கீழே விழும், பெரியது மீண்டும் சுற்றிவந்து வெட்டுப்படும். நமக்கு வேண்டிய துணுக்கின் அளவு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். ஏறத்தாழ உடைத்த கடலை அளவு. பெரிதாக இருந்தால் உருக்கும் யந்திரத்தின் திருகு அதை இழுக்காது. தூளாக இருந்தாலும் சீராகச் செல்லாது.

இங்கே வேகம் தேவையில்லை, வலுவே தேவை. நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரப் பெட்டியினால் 70 சுற்று அளவுக்குக் குறைக்கிறார்கள். இரண்டு, மூன்று குதிரைச் சக்தி மோட்டார் போதும். பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வேகமாக அரைத்தால் உராய்வுச் சூட்டில் இளகி, தகடுகளில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். “எங்கள் யந்திரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும்” என்று ஒரு வியாபாரி பெருமை பேசினால், அது நமக்குப் பெருமையன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் பொருளைக் கையால் ஆராய வேண்டும். பிள்ளைகள் செய்த பொருளில் திருகாணி இருக்கும், காந்தம் இருக்கும், மின்கம்பியும் சில வேளை சிறு பாட்டரியும் ஒட்டியிருக்கும். ஒரு திருகாணி ஒரு தகட்டின் பல்லை உடைக்கும். பாட்டரி நசுங்கினால் தீப்பற்றும். கனமான பொருளைக் கோணியில் இட்டுச் சுத்தியால் உடைத்த பிறகே போடவேண்டும்.

இன்னொன்று. தட்டை வெட்டும் யந்திரத்தில் விரல் இழந்தவர் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. இந்த யந்திரம் மெதுவாகச் சுற்றுவதால் ஆபத்தில்லை என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. வேகம் குறையக் குறைய இழுக்கும் வலு கூடுகிறது. பிடித்ததை விடாது. போடும் வாய், கையை எவ்வளவு நீட்டினாலும் தகட்டை எட்டாத அளவு ஆழமாக இருக்கவேண்டும். சிக்கிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே மூடியைத் திறக்கவேண்டும். குச்சியால் குத்துவதும் மின்சாரம் நின்ற பிறகே. முந்தானையையும் துண்டையும் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். கையுறை காப்பாகும் என்று எண்ணாதீர்கள். சுழலும் தகட்டின் அருகே கையுறைதான் கையை உள்ளே இழுத்துச் செல்லும். கையுறை, பிரிக்கும் வேலைக்கு. துண்டாக்கும் வேலைக்கு அன்று. மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு இரண்டு வேலைக்கும் வேண்டும்.

துண்டாக்கியபின் தரையில் சிதறும் பொடியைப் பெருக்கிச் சேர்க்கவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவி வாய்க்காலில் விட்டால், எருக்குழியில் போட்டதைவிடப் பெரிய தீங்கு செய்தவர்களாவோம்.

அடுத்தது உலர்த்துவது. இங்கே உழவர்கள் சிரிப்பீர்கள். சேமித்து வைக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 வரை இருக்கலாம் என்கிறோம். பி.எல்.ஏ. துணுக்கில் ஈரம் பதினாயிரத்தில் இரண்டரைப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது! பார்வைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் துணுக்குக்குள் காற்றின் ஈரம் புகுந்திருக்கும். உருகும் சூட்டில் அந்த ஈரம் பிளாஸ்டிக்கின் நெடுஞ்சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும். இழையில் குமிழ் தோன்றும்; கையில் வளைத்தால் படக்கென்று ஒடியும். வெயிலில் பாயில் பரப்பினால் போதாது, கடலோர மாவட்டங்களில் அறவே போதாது. 45 முதல் 50 டிகிரி வரையுள்ள வெப்பக் காற்றில் ஐந்தாறு மணி நேரம் வைத்து, ஆறுமுன் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துவிட வேண்டும். சூட்டைக் கூட்டினால் விரைவில் உலரும் என்று 60 டிகிரிக்கு மேல் போனால், துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வெல்லக்கட்டி போலாகிவிடும்.

உருக்கி இழுப்பதில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது. இழையின் கனம் 1.75 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், 0.05 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் கூடாது. ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள்: 1.75 என்பது 1.85 ஆகிவிட்டால் கனத்தில் கூடியது அற்பம்; ஆனால் அதே நீளத்தில் உள்ளே செல்லும் பிளாஸ்டிக் நூற்றுக்கு 12 பங்கு கூடிவிடும். அச்சில் அடுக்குகள் பிதுங்கும். இன்னும் பருத்தால் இழை குழாய்க்குள்ளேயே நுழையாது; மெலிந்தால் அடுக்குகளிடையே இடைவெளி விழும். ஒரு கிலோ பி.எல்.ஏ. இழையின் நீளம் ஏறத்தாழ 335 மீட்டர். அந்த 335 மீட்டரிலும் இந்த அளவு தவறக்கூடாது. உருக்கும் சூடு, திருகின் வேகம், இழுக்கும் சக்கரத்தின் வேகம், குளிர்விக்கும் காற்று ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். பழைய துணுக்கோடு புதிய மணிகளைச் சரிபாதி கலந்துகொண்டால் இது எளிதாகிறது. ஒவ்வொரு முறை உருகும்போதும் பிளாஸ்டிக் சிறிது வலுவிழக்கிறது. புதிய மணி அதை ஈடுசெய்கிறது. புதிய மணியே வேண்டாம், முழுவதும் கழிவிலிருந்தே செய்து தருகிறோம் என்று யாரும் வாக்களித்தால், ஒரு சுருளை நம் கண்முன்னே அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். முதற்கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஒரு பள்ளி ஆண்டுக்குப் பத்துச் சுருள் இழை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 2 கிலோ. ஒரு கிலோ இழையின் விலை ஆயிரம் ரூபாய்க்கு அண்மையில் என்று கொண்டால், நாம் காப்பாற்றக் கூடியது இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள். இதற்காக ஒரு பஞ்சாயத்து, துண்டாக்கும் யந்திரமும் இழை இழுக்கும் யந்திரமும் வாங்கிக் கொட்டகையும் போடுமானால், அது கொசுவைப் பிடிக்கக் கோட்டை கட்டியது போலாகும். சிறிய துண்டாக்கும் யந்திரங்கூட ஒரு மணி நேரத்தில் சில கிலோவைத் தின்றுவிடும். ஆண்டில் ஒரு மணி நேர வேலைக்கு ஒரு யந்திரமா?

ஆகவே, தனி ஒரு பஞ்சாயத்து இந்த யந்திரத்தை வாங்க வேண்டாம் என்பதே நம் விடை.

ஆனால் முப்பது பள்ளிகளின் பெட்டிகள் ஓரிடத்துக்கு வந்தால், அது 60 கிலோ. அப்போது வேலை இருக்கிறது. அந்த ஓரிடம் ஊராட்சி ஒன்றியமாக இருக்கலாம். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, 2020 இல் தொடங்கிய தன் இரண்டாம் கட்டத்தில், வட்டாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை நிலையம் அமைக்க 16 இலட்ச ரூபாய் வரை உதவிக்கு இடம் செய்தது. அவ்வாறு நிலையம் அமைந்த இடங்களில் துண்டாக்கும் யந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. அது பெரும்பாலும் மெல்லிய பைகளைத் துண்டாக்கித் தார்ச்சாலைக்கு அனுப்புவதற்காக வைத்தது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் கண்ட முறை அது. சூடேற்றிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தார் நன்றாகப் பிடிக்கும். 2002 இல் அக்கல்லூரி வளாகத்தில் அவ்வாறு சாலை போடப்பட்டது. 2018 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த யந்திரம் கெட்டியான பொருளையும் வெட்டுமா என்று முதலில் விசாரிக்கவேண்டும். வெட்டுமானால், ஆண்டில் இரண்டு நாள் அதைத் துப்புரவாகத் துடைத்து, பையின் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் பெருக்கிவிட்டு, பள்ளிப் பெட்டிகளுக்கு ஒதுக்கலாம். இழை இழுக்கும் வேலையை அருகிலுள்ள பாலிடெக்னிக்கோ, தொழிற் பயிற்சி நிலையமோ ஏற்றுக்கொள்ள முடியுமா என்று ஒன்றியத்தின் வழியே கேட்கலாம். அளவு தவறாத இழை இழுக்கும் பொறுமை, ஒரு தொழிலைக் கற்கும் மாணவனுக்கு நல்ல பாடம்.

இழையே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கனம் சிறிது தவறிய இழையை எவரும் வாங்கார். அதே துணுக்கைச் சூடான இரும்புத் தகடுகளுக்கு இடையே அழுத்திப் பலகையாக்கினால் அளவுத் தொல்லை இல்லை. நிறக் கலப்பும் அழகாகவே தோன்றும். ஆனால் வெயிலில் வைக்கும் சாமானுக்குப் பி.எல்.ஏ. பலகை உதவாது, சித்திரை வெயிலில் இரும்புக் கூரையின் கீழ் அது வளைந்து கொடுக்கும். வகுப்பறைக்குள் பயன்படும் பொருளுக்கே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தூய்மைக் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் வீடு வீடாகச் சென்று கழிவை வாங்கிப் பிரிப்பவர்கள். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. 2016 ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதிகள் கிராமப் பஞ்சாயத்துகளின் மேலும் பொறுப்பைச் சுமத்தியபோது, நடைமுறையில் அந்தச் சுமை பெரும்பாலும் இவர்கள் தோளில்தான் இறங்கிற்று. பள்ளிக்கூடத்துக் கோணியைப் பிரிக்காமல் அப்படியே அவர்களிடம் தள்ளிவிடுவது முறையன்று. பிரித்து, பெயர் எழுதி, கட்டிக் கொடுக்கப்பட்ட பெட்டியைத் தூக்கிச் செல்வது அவர்கள் வேலை. பிரிப்பது அச்சிட்டவர் வேலை. துண்டாக்கும் யந்திரத்தில் நிற்பவருக்குக் கூலி இல்லாமல், “சேர்த்துச் செய்துவிடு” என்று சொல்லவும் கூடாது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரி எழுதுங்கள். எழுத மனமில்லையானால் திட்டத்தையே தொடங்காதீர்கள்.

வீணாவதைக் குறைப்பதும் ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. முதல் அடுக்குப் படியும் வரை யந்திரத்தின் அருகிலிருந்து பார்க்கவேண்டும். தட்டைச் சமமாக்கித் துடைத்து வைக்கவேண்டும். மழைக்காலத்தில் இழைச்சுருளைத் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில், யந்திரத்துக்கு ஒரு சிறு பாட்டரி இணைப்பை மன்றம் வாங்கிக் கொடுக்குமானால், துண்டாக்கும் யந்திரத்தைவிட அது அதிகப் பயன் தரும். செலவும் குறைவு.

மேசையின் மேல் ஒரு சட்டியில் நல்ல தண்ணீரும், இன்னொன்றில் உப்பு நீரும், ஒரு கோழிமுட்டையும் வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து துண்டுகள் கொண்டுவரும்படி அழைப்பிலேயே எழுதியிருந்தோம். பலர் பையோடு வந்திருப்பதைக் காண்கிறோம். வரிசையாக முன்வாருங்கள். ஒரு சிம்பை ஒடித்துக் கொள்ளுங்கள். குமிழைப் போக்க மறக்காதீர்கள்.